‘நாங்கள்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, பன்னிரண்டாம் அறையின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டே, “என்ன, நாம் நன்றாகத் தூங்கினோமா?” என்று கேட்டேன். படுக்கையில் இருந்தவர் கெர்டா அம்மாள். எண்பதைத் தாண்டியவர். இடுப்பு எலும்பில் அறுவை முடிந்து எங்கள் பிரிவில் இருக்கிறார்.

“நான் தூங்கினேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் தூங்கியதாகத் தெரியவில்லை” என்றார்.

ஜெர்மனியில் நர்சுகள் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசுவார்கள். நாம் மாத்திரை சாப்பிட்டோமா, நாம் கொஞ்சம் எழுந்து நடப்போமா என்பார்கள். மாத்திரை அவருக்கு, நடை அவருக்கு, ஆனால் கேள்வியில் நாமும் இருப்போம். ஐந்து வருடத்தில் எனக்கு இது பழகிப்போய்விட்டது. அன்றைக்கு என்னவோ, சொன்ன வாய் மூடுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கையில் இருந்த மாத்திரைத் தட்டு ஆடியது. என்ன சிரிப்பு என்று கெர்டா அம்மாள் கேட்டார். சொல்ல ஆரம்பித்தால் உங்கள் காப்பி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு என்றால் பாதி விளக்கம் மிச்சம்.

தமிழில் ‘நாங்கள்’ என்றால் கேட்கிற ஆள் அதில் இல்லை. ‘நாம்’ என்றால் அவரும் உண்டு. ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் சேர்த்து ‘வீர்’ என்று ஒரே சொல். இங்கே வேலைக்கு வருவதற்காக நான் எழுதிய மொழித் தேர்வுகளில் இது ஒரு கேள்வியாகக்கூட வந்ததில்லை. ஊருக்குப் போனபோது என் மொத்த மதிப்பெண்ணும் இதில்தான் போனது.

2

நான் போய்வந்தது விடுமுறைக்கு அல்ல, ஊழியப் பயணம். நான் இருக்கும் சிறு நகரத்தின் திருச்சபையிலிருந்து எட்டுப் பேர், பன்னிரண்டு நாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதிக்கு வெள்ளையடித்து, புத்தக அலமாரிகள் செய்து கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சபையோடு ஆராதனையில் கலந்துகொண்டு திரும்ப வேண்டும். அந்த விடுதி நான் படித்த விடுதி. அந்தச் சபை என் அம்மா போகிற சபை. மொழிபெயர்ப்பதற்கு நான். இதைவிடப் பெருமையான வேலை எனக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தாள். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்விட்டார்.

குழுவின் தலைவர் பெயர் டீட்டர். ஓய்வுபெற்ற தச்சர், அறுபத்தெட்டு வயது. எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்திருப்பவர். பயணத்துக்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். கொதித்த தண்ணீர்தான் குடிப்பேன், தனியாக எங்கும் போகமாட்டேன், இரவு குழுவோடு விருந்தினர் இல்லத்தில்தான் தங்குவேன். நானும் கையெழுத்துப் போட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஏழு பேர் வெளிநாட்டவர் வரிசையில் நிற்க, நான் மட்டும் இந்தியர் வரிசையில் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து அவர்களுக்காக அரை மணி நேரம் காத்திருந்தேன். பிராங்க்பர்ட்டில் எப்போதும் நான்தான் கடைசி. அன்றைக்கு வந்த தெம்புதான் முதல் ஞாயிற்றுக்கிழமை வரை என்னைத் தூக்கிக்கொண்டு போனது.

அந்த ஞாயிறு, எங்கள் கோயிலில், ஐயர் எங்களை முன்னால் அழைத்தார். வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். டீட்டர் பேசினார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். கணீரென்று, ஒரு சொல் தடுமாறாமல்.

“நாங்கள் தூர தேசத்திலிருந்து உங்கள் ஊருக்கு வந்திருக்கிறோம். எங்கள் குடும்பங்களை விட்டுவிட்டு வந்திருக்கிறோம். உங்கள் வழக்கங்கள் எங்களுக்குத் தெரியாது. தவறு செய்தால் எங்களை மன்னியுங்கள்.”

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில் அம்மா, நான் அனுப்பிய நீலச் சேலையில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மா நேராக என் முன்னால் வந்து நின்றாள். கைகளைக் கூப்பினாள்.

“தோத்திரம் சிஸ்டர். ஒங்க ஊர்ல எல்லாரும் சௌக்கியமா இருக்கியளா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டீட்டருக்கும் அதேபோல் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

“யார் அவர்?” என்றார் டீட்டர்.

“என் அம்மா.”

“உன்னை ஏன் இப்படிக் கும்பிடுகிறார்?”

“வழக்கம்” என்றேன். அவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

3

அதன்பிறகு நான் ‘சிஸ்டர்’தான். தினமும் போன் செய்தேன். “சொல்லுங்க சிஸ்டர்” என்று எடுப்பாள். “சாப்பிட்டியளா? தண்ணி சூடு பண்ணிக் குடிக்கியளா?” என்பாள். எதிலும் குறை வைக்கமாட்டாள். ஒரு வார்த்தை மட்டும் வராது. பிறந்ததிலிருந்து அம்மா என்னை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கோபத்தில் ஏட்டி, பாசத்தில் ஏட்டி, தூக்கத்தில் ஏட்டி. ஜெர்மனிக்குப் போனபின் போனில் முதல் சொல்லே அதுதான்.

வெள்ளிக்கிழமை ஆனது. திங்கட்கிழமை காலை வேன் வரும். மூன்று நாள் மிச்சம். அம்மா வாயிலிருந்து ஒரு ‘ஏட்டி’ வாங்காமல் நான் விமானம் ஏறப்போவதில்லை என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்கு விடுதியில் கடைசிச் சுவர். மாடிப்படிக்குப் பக்கத்தில், வாசல் கேட் தெரிகிற இடம். நான் வெள்ளையடித்துக்கொண்டே கேட்டைப் பார்த்தேன். நான் படித்த காலத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கலாம். முதல் தடவை அம்மா வந்தபோது உள்ளே வரவில்லை. மற்ற பிள்ளைகளின் அம்மாமார் குடை, கைப்பை என்று வரும்போது, இவள் கேட்டுக்கு வெளியே நின்று, “நாங்கள்லாம் உள்ள வரலாமாட்டி?” என்று கேட்டாள். கையில் பீடித்தூள் வாசனை இருக்குமென்று கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். எனக்குப் பத்து வயது. அந்தக் கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, “நாம போவோம், வா” என்றேன். இதைப் பெரிய செயலாக அப்போது நினைக்கவில்லை. இப்போது பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அம்மாவின் கணக்கில் அது எங்கே எழுதியிருக்கிறது என்று யோசித்தேன்.

“அங்கே ஒரு இடம் விட்டுப்போயிற்று” என்று டீட்டர் கீழிருந்து சொன்னார்.

வேலை முடிந்ததும் திருநெல்வேலி டவுணுக்கு அல்வா வாங்கப் போனோம். டவுண் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்று டீட்டர் பிடிவாதம். அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் ‘தோத்திரம்’. கோயிலில் கற்றதை ஊர் முழுக்கச் செலவழித்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறியதும் கண்டக்டரைப் பார்த்துக் கைகூப்பி, “தோத்திரம்” என்றார்.

“தோத்திரம் இருக்கட்டும் வே, டிக்கெட்டு எத்தன?” என்றார் கண்டக்டர்.

நான் மொழிபெயர்த்தேன். டீட்டர் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பார் என்று ஐந்து வருடத்தில் எனக்குத் தெரியாது. அல்வாக் கடையில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்று, விரலை என்ன செய்வதென்று தெரியாமல் ஏழு ஜெர்மானியரும் தேரடியில் நின்ற காட்சியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கென்று அரைக் கிலோ தனியாக வாங்கினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை, அசனம். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: வீடு வீடாக அரிசி வரும், எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து, ஓலைப்பாயில் ஒரே குவியலாகக் கொட்டி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். எந்த அரிசி யார் வீட்டு அரிசி என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வளாகத்தில் வெங்காயம் உரிக்கும் வேலை. இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குழுவை ஐயர் வீட்டில் காப்பி குடிக்க விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். அம்மா நடுவில் இருந்தாள். பக்கத்தில் பக்கத்து வீட்டு மரியக்கா. நான் அல்வாப் பொட்டலத்தை அம்மா மடியில் வைத்துவிட்டு, ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயோ, நீங்க எதுக்கு சிஸ்டர்” என்றாள் அம்மா. “கையெல்லாம் நாத்தம் ஒட்டிக்கிடும். நாங்க பாத்துக்கிடுதோம்.”

வட்டத்தில் சிரிப்பு ஓடியது.

“செல்லத்தாயி, பிள்ளைய விடு” என்றார் மரியக்கா. “ஒரு வாரமா இதே பாட்டா இருக்கு ஒனக்கு.”

“நான் என்ன செஞ்சேன்? விருந்தாளியள மரியாதையா பேசக்கூடாதா?”

“அம்மா, அது டீட்டர் பேசுனதும்மா” என்றேன். “அவர் சொன்னத அப்படியே சொல்றதுதான் என் வேல. நானா சொன்னேன்?”

அம்மா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு மரியக்காவிடம் சொன்னாள்.

“நான் பள்ளிக்கூடம் போகல, மரியக்கா. ஆனா நாமன்னா யாரு, நாங்கன்னா யாருன்னு எனக்குத் தெரியும். கேட்டுல நின்னவள, நாம போவோம்னு கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போன பிள்ள. அந்த வாய்தான் கோயில்ல வச்சு, ஒங்க ஊரு, ஒங்க வழக்கம், எங்களுக்குத் தெரியாதுங்கு. வெள்ளக்காரரு சொன்னா அவருக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியாதா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெங்காயம் நல்ல வேளையாக முன்னால் இருந்தது. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இரண்டு மொழியில் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இரண்டும் தெரிந்த நான் பார்க்காததை ஒரு மொழியும் எழுதத் தெரியாத அம்மா பார்த்துவிட்டாள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் பேச்சில் ‘சிஸ்டர்’ இல்லை. ‘பிள்ள’ என்றாள், ‘இவ’ என்றாள். நேராகச் சொல்லவில்லை, மரியக்கா வழியாகச் சொன்னாள். அவளுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்கிறார்.

“பையப் பைய அரியணும்” என்று கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். “வெரலு போயிரும்.”

அதற்குப் பின்னால் எந்த மரியாதைச் சொல்லும் ஒட்டியிருக்கவில்லை. மிச்சம் ஒன்றரை நாள்.

5

அசனச் சமையலுக்குத் தலைவர் தங்கராஜ் அண்ணாச்சி. முப்பது வருடமாக எங்கள் ஊரில் அவர்தான். ஞாயிறு காலை, ஆராதனை முடிந்ததும் எங்கள் குழு அவர் முன்னால் வரிசையாகப் போய் நின்றது. கடைசி நாள், எல்லாருக்கும் பரிமாற வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

“பேரென்ன சொன்ன? டீட்டரா?” என்றார் அண்ணாச்சி. “டீ தருவாரா? நமக்கு டீக்கு ஆளு இருக்கு. இவர உப்பு வைக்கச் சொல்லு.”

டீட்டர் உப்பு வைத்தார். தச்சர் அல்லவா, ஒவ்வொரு இலையிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், அளந்து அளந்து வைத்தார். பந்தியில் சோறு வந்து, குழம்பு வந்து, முதல் வரிசை சாப்பிட்டு எழும்போது அவர் நாலாவது வரிசையில்தான் இருந்தார். “ஏலே, அந்த மனுசன உக்கார வைங்கலே, உப்பு வைக்கதுக்குள்ள அடுத்த பண்டிக வந்துரும்” என்று அண்ணாச்சி கத்தினார். ஏழு பேரையும் பந்தியில் உட்கார வைத்தோம். அவர்களுக்கு நடுவில் எனக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள். நான் எழுந்து போய்ப் பெண்கள் பந்தியில் மரியக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா உட்காரவில்லை. படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பத் தூக்குவாளிகளில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பும் கத்தரிக்காயும் ஐந்து வருடத்துக்கு அப்புறம். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

சாப்பாடு முடிந்ததும் ஐயர் டீட்டரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். சோற்றுக் குவியல் பாதி கரைந்திருந்தது. அதற்கு முன்னால் டீட்டரும் நானும் நின்றோம். அவர் வாயைத் திறந்ததும் முதல் சொல், “வீர்.”

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பன்னிரண்டு நாளில் நான் அவரை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

“இந்த ‘வீர்’ யார்?” என்று ஜெர்மனில் கேட்டேன்.

“யார் என்றால்? வீர்தான்.”

“நம் குழு மட்டுமா? இங்கே இருப்பவர்களும் சேர்த்தா? தமிழில் நான் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.”

டீட்டர் விழித்தார். அப்புறம் இலைகளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், தன் விரல்களில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“இங்கே சாப்பிட்ட எல்லாரும்” என்றார்.

நான் திரும்பி நின்று சொன்னேன்: “நாம் எல்லாரும் இன்றைக்கு ஒரே குவியலில் சாப்பிட்டோம். நாம் யார் வீட்டு அரிசியைச் சாப்பிட்டோம் என்று நமக்கே தெரியாது.”

தூக்குவாளி மூடுகிற சத்தம் நின்றது. அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

டீட்டர் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். “வீர் நாளைக்குப் புறப்படுகிறோம்.”

இதற்கு ‘நாம்’ போட முடியாது. ஊரே புறப்படப் போவதில்லை. ‘நாங்கள்’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னேன்: “நாளைக்கு இவர்கள் ஏழு பேரும் புறப்படுகிறார்கள்.”

“ஏழா?” என்றார் தங்கராஜ் அண்ணாச்சி. “வேன்காரன்ட்ட எட்டுன்னுல்லா சொல்லிருக்கு.”

நான் திருதிருவென்று நின்றேன். அப்போது அண்டாக்களுக்குப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

“ஏட்டி, எட்டுன்னு சொல்லு. நீயும்தான போற.”

ஊர் சிரித்தது. ஐயர் சிரித்தார். என்ன என்று தெரியாமலே டீட்டரும் சிரித்தார். அம்மா கையில் கரண்டியோடு நின்று, என்னைப் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முதல் ஞாயிறு என்னை அவர்களோடு மட்டும் சேர்த்துக்கொண்டேன். இந்த ஞாயிறு அவர்களிடமிருந்து கழித்துக்கொண்டேன். இரண்டு தடவையும் தப்பு. அம்மாதான் சரியாகச் சொன்னாள்: நீ போகத்தான் போகிறாய், ஆனாலும் ஏட்டிதான்.

“நாங்கள் எட்டுப் பேரும் நாளைக்குப் போயிட்டு வாரோம்” என்று சொன்னேன். இந்த ‘நாங்கள்’ யாருக்கும் வலிக்கவில்லை.

அன்று மாலை டீட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘வழக்கம்’ என்று நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் குறிப்பேட்டை எடுத்து அந்த வரியைத் தேடி அடித்தார். பிறகு என் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்தார். இரவு குழுவோடு தங்க வேண்டும் என்ற வரியின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். ‘இந்த ஊரில் வீடு இல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. அந்தக் காகிதம் இப்போது என் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

6

திங்கட்கிழமை காலை அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்கு வந்தோம். விருந்தினர் இல்ல வாசலில் வேன் நின்றது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அம்மா கேட்டைப் பார்த்ததும் வழக்கம்போல் வெளியே நின்றுவிடுவாளோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்கு முன்னால் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கையில் பெரிய பொட்டலம், முறுக்கும் அதிரசமும்.

டீட்டர் கைகூப்பினார். “தோத்திரம்.”

“தோத்திரம் அண்ணாச்சி” என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, நான் சொல்லுதத அவுருட்ட சொல்லு. அடுத்த தடவ வரும்போது இங்கன தங்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு வந்து தங்கணும்னு சொல்லு. வீடு சின்னதுதான், ஆனா காத்து வரும்னு சொல்லு.”

நான் சொன்னேன். ‘வீடு’ என்ற சொல்லுக்கு முன்னால் போட, ‘நம்ம’ என்றாலும் ‘எங்க’ என்றாலும், அந்த மொழியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதைப் போட்டேன். டீட்டர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“எப்படிட்டி சொன்ன? நம்ம வீடுன்னா, எங்க வீடுன்னா?”

வேன்காரர் ஹாரன் அடித்தார். ஜெர்மன் இலக்கணத்தை விளக்க நேரம் இல்லை. இருந்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

“நம்ம வீடுன்னுதாம்மா சொன்னேன்.”

“அதான பாத்தேன்” என்றாள் அம்மா.